முதல் ஆல்பம்

வியாழக்கிழமைகளில் மட்டும் வருவாள்.
அமிலமும் புகைபோக்கியும் அவர்கள் சமையலறையில் இல்லாததால்
வேதியியலுக்கு மட்டும்
எங்கள் பள்ளி அவளை இரண்டு மணி நேரம் கடன் வாங்கியது.
மாரென் டோலஃப்சன்.
அம்மா தைத்த பாவாடை, அண்ணனின் பனிக்காலணி.
சஸ்காட்சுவானின் அந்தக் குளிரில்
அவர்கள் பிக்கப் வண்டி வாசலில் எஞ்சினை அணைக்காமலே நிற்கும்,
திரும்ப வாங்கிக்கொண்டு போக.

எங்கள் சாப்பாட்டு மேசையில் ஒரு விளையாட்டு உண்டு,
விளையாட்டு என்று யாரும் சொன்னதில்லை.
நேற்றிரவுத் தொடரிலிருந்து
பாதி வசனத்தை ஒருவன் எறிவான்.
மீதியை நாங்கள் பிடிக்க வேண்டும்.
தவறவிட்டவனுக்கு அந்த வாரம்
ஜன்னலோரத் தனி இருக்கை.
எங்கள் வீட்டில் அந்தச் சேனல் வராது.
வெறுங்கையைக் காற்றில் மூடி
பிடித்துவிட்டதாய்க் காட்ட
எட்டாம் வகுப்பிலேயே பழகியிருந்தேன்.

"நீ யார் பாட்டு கேட்பாய்?"
பிரின்லிதான் கேட்டாள், தலையைச் சாய்த்து.
மாரென் ரொட்டியை மென்று முடித்தாள்.
தண்ணீர் குடித்தாள்.
"ஆல்டா வார்ன்."

அரை நொடி யாரும் மூச்சுவிடவில்லை.
பிறகு ஒரு குரல்:
"முதல் ஆல்பம்தான் உசத்தி.
அப்புறம் காசுக்குப் பாட ஆரம்பிச்சுட்டா."

அந்தக் குரல் என்னுடையது.

அடுத்த வியாழனுக்குள்
மூன்று லாக்கர்களில் அந்தப் பெயர்.
டெவின் அவளை வின்னிபெக்கில் நேரில் பார்த்திருக்கிறான்,
மழையில், மிக அருகில்.
பிரின்லி ஒரு பக்கத் தலைமுடியை மழித்துக்கொண்டு வந்தாள்,
ஆல்டா அப்படித்தானாம்.
பழைய ஆல்டாவா புதிய ஆல்டாவா என்று
இரண்டு பையன்கள் கழிப்பறையில் சட்டையைப் பிடித்துக்கொண்டார்கள்.
மாரென் சோதனைக்குழாயை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து
நீலம் என்று எழுதிக்கொண்டாள்.

பிப்ரவரியில்
அவள் மறந்துவிட்டுப் போன நோட்டைக் கொடுக்கப் போனேன்.
உண்மையைச் சொன்னால், மறைத்து வைத்த நோட்டை.

மாவு அப்பிய மேசையில் வடிவியல்.
அண்ணன் ஆண்டர்ஸ் அடுப்பைக் கிளறியபடி
லத்தீனில் ஏதோ பாதி சொன்னான்.
கடைக்குட்டி மீதியைச் சொன்னது.
குடும்பமே குலுங்கிச் சிரித்தது.
நானும் சிரித்தேன்,
வெறுங்கையை மூடியபடி.
இங்கேயும் ஒரு ஜன்னலோர இருக்கை இருந்தது.
அதில்தான் என்னை உட்கார வைத்திருந்தார்கள்.

அவள் அம்மா மாவு பிசைந்துகொண்டே
எதையோ முனகினார்.
"அது என்ன பாட்டு?" குட்டி கேட்டது.
"பழைய தோத்திரம்" என்றார்.
எனக்குத் தெரியும் அது என்னவென்று.
என் அம்மாவும் பாத்திரம் கழுவும்போது முனகுவார்.
அவர்கள் பள்ளிக் காலத்தில் வந்த
பற்பசை விளம்பரம்.
நான் வாயைத் திறக்கவில்லை.
அவர் என்னை ஒருமுறை பார்த்தார்,
பிறகு மாவை அறைந்தார்.

வழியனுப்ப வந்தவள்
கொட்டகைப் பக்கம் இழுத்துப் போனாள்.
மூலையில், சாக்கு போர்த்தி,
பாலிலிருந்து க்ரீம் பிரிக்கும் பழைய இரும்பு இயந்திரம்.
வயிற்றில் பித்தளைத் தகடு:
ஆல்டா வார்ன்.
அடியில் ஒரு எண், காப்புரிமை ஆண்டு.

எவ்வளவு நேரம் அதைப் பார்த்துக்கொண்டு நின்றேனோ.
"எப்போது தெரிந்தது?" என்றேன்.
"என்ன?"
"நான் பொய் சொன்னது."
"நீ சொன்னபோதே.
அன்றைக்கு அந்த மேசையில்
எனக்குப் பிடித்தவன் நீ மட்டும்தான்."

இரு கையாலும் கைப்பிடியைப் பற்றிச் சுற்றினாள்.
முதலில் உறுமல்.
பிறகு அது மெல்ல மேலேறியது,
மெலிந்தது, கூர்ந்தது,
வைக்கோலில் தூங்கிய பூனை எழுந்து உட்கார்ந்தது.
மூச்சிரைக்க அவள் சொன்னாள்:
"இதுதான் முதல் ஆல்பம்."

கேட்டேன், கடைசிச் சுற்று ஓயும்வரை.
உசத்திதான்.